முதுகு ஊசியில் சேரும் அந்தச் சொட்டு: மயக்க டாக்டர் பதில்கள்

சென்ற இதழில் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு முதுகில் போடும் மரப்பு ஊசியைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் ‘மரப்பு மருந்தோடு இன்னொரு மருந்தையும் ஒரு சொட்டு சேர்ப்போம்’ என்று போகிற போக்கில் ஒரு வரி வந்தது. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டன. என்ன சொட்டு, எதற்கு, எங்கள் வீட்டு ஆச்சிக்கு எதைச் சேர்த்தார்கள், ஏன் சொல்லவில்லை என்று சரமாரி. நியாயமான கேள்விகள். இந்த மாதம் அதையே பேசுவோம்.

அம்மாவுக்கு 52 வயது. கட்டி காரணமாகக் கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள். மயக்க டாக்டர் முதுகு ஊசியில் ஃபென்டனைல் கொஞ்சம் சேர்ப்பதாகச் சொன்னார். செல்போனில் தேடினால் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொல்லும் போதை மருந்து என்று வருகிறது. தைரியமாகச் சம்மதிக்கலாமா?
— ஒரு மகள், பள்ளத்தூர்

சம்மதிக்கலாம். செல்போன் சொல்வதும் பொய்யில்லை. அங்கே சாவுக்குக் காரணமாக இருப்பது கள்ளத்தனமாகத் தயாரித்து, எவ்வளவு இருக்கிறதென்று விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் தெரியாமல் உள்ளே போகிற ஃபென்டனைல். எங்கள் தியேட்டருக்கு வருவது 2 மில்லி ஆம்பியூல், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே 100 மைக்ரோகிராம் என்று மேலேயே அச்சடித்திருக்கும். அதிலிருந்து முதுகுக்குள் போவது 10 முதல் 25 மைக்ரோகிராம், அதாவது அதிகம் போனால் அரை மில்லி. மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டதில் ஒரு பங்கு. ஒரு தடவை இப்படிப் போட்டதால் யாரும் போதைக்கு அடிமையாவதில்லை.

சரி, எதற்குச் சேர்க்கிறோம்? முதுகில் போடும் மூல மருந்துக்குப் பெயர் புபிவகெய்ன். அதில் ‘ஹெவி’ என்று ஒரு வகை. ஒரு மில்லிக்கு 80 மில்லிகிராம் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை சேர்ந்திருப்பதால் தண்டுவட நீரைவிடக் கனம், பாலில் போட்ட பனங்கற்கண்டு மாதிரி பள்ளம் பார்த்து இறங்கும். அம்மாவை உட்காரவைத்தோ ஒருக்களித்துப் படுக்கவைத்தோ ஊசி போட்டுவிட்டு, உடனே மல்லாக்கப் படுக்கவைத்து, மேஜையை லேசாகத் தலைப்பக்கம் சாய்த்து, மரப்பு எந்த உயரம் வரை ஏற வேண்டுமோ அதுவரை ஏற விடுவோம். ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தொடையிலிருந்து மேலே மேலே வைத்து “சில்லுன்னு இருக்காம்மா?” என்று கேட்டுக்கொண்டே போவோம். தொப்புளைத் தாண்டி, விலா எலும்பையும் தாண்டி, மார்பு மட்டத்தில் “இப்பத்தான் சில்லுன்னு தெரியுது” என்று சொன்னால் வயிற்றைத் திறக்கலாம்.

கத்தி படுவது அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் சர்ஜன் கர்ப்பப்பையைப் பிடித்து மேலே இழுக்கும்போது வயிற்றின் உள்சவ்வும் சேர்ந்து இழுபடும். அப்போதுதான் “டாக்டர், நெஞ்சுக்குழியில யாரோ பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு, வாந்தி வருது” என்பார்கள். அதைத் தடுக்கப் புபிவகெய்னையே கூட்டினால் மரப்பு இன்னும் மேலே ஏறி பிபி தடாலென்று இறங்கும். அரை மில்லி ஃபென்டனைல் அந்த இழுவை வேதனையை அமர்த்திவிடும், பிபியை அது பெரிதாகத் தொடாது. கால் மரப்பையும் நீட்டாது. மூச்சு மந்தமாவது இந்த அளவில் அரிது. அதைப் பார்க்கத்தான் விரலில் கிளிப் மாட்டி, தலைமாட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மயக்க டாக்டர் ஊசி போட்டதும் வீட்டுக்குப் போய்விடுவார் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள்!

என் அக்காவுக்கு மதுரையில், நாத்தனாருக்குக் காரைக்குடியில். இரண்டு பேருக்கும் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பை எடுத்தார்கள், இரண்டு பேருக்கும் முதுகு ஊசி. அக்காவுக்கு மறுநாள் காலை வரை வலியே இல்லை, ஆனால் மூக்கையும் நெற்றியையும் சொறிந்துகொண்டே இருந்தாள், வாந்தியும் வந்தது. நாத்தனாருக்கு அரிப்பு இல்லை, நிம்மதியாகத் தூங்கினாள். ஆனால் சாயங்காலம் வரை காலை அசைக்க முடியவில்லை, நாடித்துடிப்பு குறைகிறதென்று சிஸ்டர் ஓடிவந்தார். அக்காவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘மார்ஃபின் 100 மைக்ரோகிராம்’ என்றும், நாத்தனாருடையதில் ‘டெக்ஸ்மெடிடோமிடின் 5 மைக்ரோகிராம்’ என்றும் இருக்கிறது. எது நல்ல மருந்து?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கோட்டையூர்

டீச்சர், இரண்டு சம்மரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களே, அதற்கே உங்களுக்கு நூற்றுக்கு நூறு.

முதுகு ஊசியில் நாங்கள் சேர்க்கும் மருந்துகளில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று அபின் வகையறா: ஃபென்டனைல், மார்ஃபின், ப்யூப்ரெனார்ஃபின், நால்ப்யூஃபின். இன்னொன்று பிபி மருந்து வகையறா: க்ளோனிடின், டெக்ஸ்மெடிடோமிடின். க்ளோனிடின் 1960களில் மூக்கடைப்புக்கு மருந்து தேடும்போது கிடைத்து, பிபி மாத்திரையாகி, பிறகு முதுகுத்தண்டுக்கு வந்து சேர்ந்தது. தண்டுவடத்தில் வலிச்செய்தி கை மாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு குடும்பமும் அங்கேதான் வேலை செய்கின்றன, வேறு வேறு வாசல் வழியாக.

அபின் வகையறாவுக்குள்ளேயே ஃபென்டனைலுக்கும் மார்ஃபினுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஃபென்டனைல் கொழுப்பில் கரையும். போட்ட சில நிமிடங்களில் தண்டுவடத்துக்குள் புகுந்து வேலையைத் தொடங்கி, சில மணி நேரத்தில் ரத்தத்தோடு போய்விடும். மார்ஃபின் தண்ணீரில் கரையும். அதனால் சட்டென்று உள்ளே புகாமல் தண்டுவட நீரிலேயே மிதந்து, மெல்ல மெல்ல மூளைப்பக்கம் ஏறும். உங்கள் அக்காவுக்கு மறுநாள் காலை வரை வலி இல்லாததற்குக் காரணம் இந்த மிதப்புத்தான். அரிப்புக்கும் வாந்திக்கும் காரணமும் அதுவே. அதைவிட முக்கியமாக, ஊசி போட்டுப் பல மணி நேரம் கழித்து, எல்லோரும் தூங்கும் வேளையில் மூச்சு மந்தமாகும் ஆபத்தும் அதனால்தான். 100 மைக்ரோகிராம் அளவில் அப்படி ஆவது அபூர்வம். ஆனாலும் 24 மணி நேரம் யாராவது ஒருவர் வந்து, இவர் எத்தனை மூச்சு விடுகிறார், எழுப்பினால் எழுகிறாரா என்று பார்த்து எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

டெக்ஸ் (நாங்கள் கூப்பிடும் செல்லப்பெயர்) அடுத்த குடும்பம். க்ளோனிடினைவிடத் தனக்குரிய வாசலை எட்டு மடங்கு துல்லியமாகத் தேடிப் பிடிக்கும். அரிக்காது. தியேட்டர் குளிரில் பல்லடித்து நடுங்குவதைக்கூடக் குறைக்கும், இதமாகத் தூங்கவைக்கும். விலை என்ன? நாடி இறங்கும், பிபியும் கொஞ்சம் இறங்கும். வலி மரப்பு எவ்வளவு நீள்கிறதோ அதோடு கால் மரப்பும் நீளும். உங்கள் நாத்தனார் சாயங்காலம் வரை காலை அசைக்க முடியாமல் கிடந்தது மருந்தின் கோளாறு இல்லை, குணம். சிஸ்டர் ஓடிவந்ததும் நல்லதுதான். நாடி ரொம்ப இறங்கினால் அட்ரோபின் போட்டு ஏற்றிவிடலாம், ஆனால் இறங்கியதை யாராவது பார்த்தால்தானே போட முடியும்?

அதனால் எது நல்ல மருந்து என்று கேட்டால், அந்த அம்மா முதல் ராத்திரியை எங்கே கழிக்கப் போகிறார் என்று நான் திருப்பிக் கேட்பேன். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி, ஆபரேஷனுக்குப் பிறகு கண்காணிக்கத் தனி வார்டு, ராத்திரியிலும் டியூட்டி டாக்டர் என்றால் மார்ஃபின் அருமையான மருந்து. இரண்டு மாடிக்கு ஒரே சிஸ்டர் ஏறி இறங்கும் சின்ன நர்ஸிங் ஹோமில் நான் அதைத் தொட மாட்டேன். அங்கே ஃபென்டனைல்தான் என் கை போகும் மருந்து. அதன் ஆட்டம் பகலிலேயே, நான் கட்டடத்தில் இருக்கும்போதே முடிந்துவிடும். பிறகு வலிக்கு நேரம் தவறாமல் பாரசிட்டமால் டிரிப்ஸ், கிட்னி நன்றாக இருந்தால் டைக்ளோஃபெனாக், வசதி இருந்தால் ஸ்கேன் பார்த்து வயிற்றுச் சுவரில் ஓர் ஊசி. முதுகில் போட்ட ஒரு சொட்டே மூன்று நாள் வலியையும் பார்த்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் சம்மரியில் எழுதுவதில்லை. மார்ஃபின், ஃபென்டனைல் எல்லாம் 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருபவை. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அத்தியாவசிய வலி மருந்துகளை ஆஸ்பத்திரிகள் வாங்குவதைச் சுலபமாக்கினார்கள். ஆனாலும் அனுமதி, பதிவேடு, பூட்டிய அலமாரி, காலி ஆம்பியூலுக்குக் கணக்கு என்று வேலை இருக்கிறது. அதற்குச் சலித்துக்கொண்டு இவற்றை வாங்கியே வைக்காத இடங்கள் உண்டு. அங்கே மயக்க டாக்டர் இருப்பதை வைத்துத்தான் சமைக்க வேண்டும், டெக்ஸோ க்ளோனிடினோ கைக்கு வரும்.

ப்யூப்ரெனார்ஃபின் நம் நாட்டு டாக்டர்களுக்கு நெடுங்காலப் பழக்கம். 60 மைக்ரோகிராம் போதும், ஃபென்டனைலைவிட நீண்ட நேரம் வலி தாங்கும், ஆனால் குமட்டல் ஜாஸ்தி. நால்ப்யூஃபின் அரிப்பு குறைந்த சாதுவான மருந்து. மக்னீசியம், மிடாஜோலம் என்றும் சிலர் சேர்ப்பார்கள். எனக்கு அவற்றில் பெரிய ஈடுபாடு இல்லை.

மருமகளுக்கு ஆபரேஷன் முடிந்ததும் முகமெல்லாம் அரிப்பு. ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இனிமேல் இந்த ஊசியே போடக் கூடாது’ என்று உறவுக்காரர் ஒருவர் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.
— மாமியார், புதுவயல்

எழுத வேண்டாம். தடிப்பு, மூச்சு இரைப்பு, முக வீக்கம், பிபி இறக்கம் இவற்றோடு வந்தால் அது அலர்ஜி. முதுகில் ஃபென்டனைலோ மார்ஃபினோ போட்டு, தோலில் ஒரு தடிப்பும் இல்லாமல் மூக்கு நுனி, நெற்றி, கண்ணைச் சுற்றி மட்டும் நமைச்சல் என்றால் அது அந்த மருந்து நரம்பில் செய்யும் குறும்பு. அலர்ஜி மாத்திரை அதற்கு அவ்வளவாகக் கேட்காது, தூக்கம்தான் வரும். ரொம்பத் தொந்தரவாக இருந்தால் நால்ப்யூஃபின் துளியோ, நாலோக்ஸோன் துளியோ கொடுத்து அடக்குவோம். அலர்ஜி என்று தவறாக எழுதிவைத்தால், நாளைக்கு உண்மையிலேயே தேவைப்படும் வேளையில் ஒரு நல்ல மருந்தை அந்தப் பெண் இழப்பாள். மருமகளின் அரிப்பைக் கவனித்து எழுதிய மாமியாருக்கு என் தனி வணக்கம்.

ஃபென்டனைலையும் டெக்ஸையும் ஒப்பிட்ட ஆராய்ச்சிகள் நிறைய வந்திருக்கின்றன, எல்லாவற்றிலும் டெக்ஸ்தான் ஜெயிக்கிறது, இன்னும் ஏன் ஃபென்டனைலைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று மருத்துவம் படிக்கும் என் மகன் உங்களைக் கேட்கச் சொன்னான்.
— தந்தை, தேவகோட்டை

தம்பி சொல்வதில் தப்பில்லை. அந்த ஆராய்ச்சிகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வரும் பெண்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு மூன்று குழுவாகப் பிரிப்பார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு ஹெவி புபிவகெய்ன். ஒரு குழுவுக்கு ஃபென்டனைல், ஒரு குழுவுக்கு டெக்ஸ், இன்னொன்றுக்கு வெறும் உப்புநீர். சிரிஞ்சில் மொத்த மில்லி ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். மருந்தை இழுப்பவர் ஒருவர், பிறகு உட்கார்ந்து கணக்கெடுப்பவர் வேறொருவர், அவருக்கு யாருக்கு எது போனதென்று தெரியாது. மரப்பு எவ்வளவு நேரத்தில் ஏறியது, எப்போது இறங்கத் தொடங்கியது, கால் எப்போது மடங்கியது, அந்தப் பெண் முதன்முதலாக “வலி மருந்து குடுங்க” என்று எப்போது கேட்டாள் என்று குறிப்பார்கள். பெரும்பாலும் வரும் விடை தம்பி சொன்னதுதான். மரப்பும் வலி இல்லாத நேரமும் டெக்ஸில் நீளம். அரிப்பு ஃபென்டனைலில் ஜாஸ்தி. நாடி இறக்கமும் தூக்கமும் டெக்ஸில் ஜாஸ்தி.

இதை வைத்து ஜெயித்தது யார் என்று சொல்வதில்தான் எனக்கும் தம்பிக்கும் தகராறு. இந்த ஆராய்ச்சிகளில் சேர்த்துக்கொள்ளும் பெண்கள் பெரும்பாலும் திடகாத்திரமானவர்கள், அல்லது சின்னச் சின்ன வியாதி கட்டுக்குள் இருப்பவர்கள். இதயத் துடிப்பில் கோளாறு இருப்பவர்களையும், நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களையும் பெரும்பாலும் முதலிலேயே ஒதுக்கிவிடுவார்கள். நம் பக்கத்தில் என் மேஜைக்கு வரும் ஆச்சிமார்களில் பலர் அந்த ஒதுக்கப்பட்ட கூட்டம்தான்.

அடுத்தது, முதல் வலி மருந்து கேட்ட நேரம் என்ற அளவுகோல். அது நீளமாக இருந்தால் நல்லது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். காலை பத்து மணிக்கு ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். மருந்தின் வேலை மதியம் இரண்டு மணிக்கு முடிந்தால் வார்டில் சர்ஜன் இருப்பார், நான் இருப்பேன், பகல் சிஸ்டர்கள் இருப்பார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு முடிந்தால் டியூட்டி மாறும் நேரம். வலி தள்ளிப்போயிருக்கிறது, சரி. தள்ளிப்போய் எந்த நேரத்தில் வந்து நிற்கிறது என்பதை அந்த ஆராய்ச்சிகளின் அட்டவணை சொல்வதில்லை. அதோடு, இப்போதெல்லாம் ஆபரேஷன் அன்றைக்கே எழுப்பி உட்காரவைக்கிறோம், யூரின் டியூபைச் சீக்கிரம் எடுக்கிறோம், காலில் ரத்தம் உறையாமல் இருக்க நடக்கவைக்கிறோம். கால் மரத்துக் கிடக்கும் நீளம் அங்கே பாதகம்.

தம்பி, தியேட்டருக்கு வந்தால் இதையும் பார். டெக்ஸ் ஆம்பியூலில் ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம். நமக்கு வேண்டியது 5. இன்சுலின் சிரிஞ்சில் 40 கோடு ஒரு மில்லி என்றால், நீ இழுக்க வேண்டியது வெறும் இரண்டு கோடு. ஊசி நுனியில் ஒரு காற்றுக்குமிழி உட்கார்ந்தால் போச்சு, பாதி மருந்து காலி. ஒரு கோடு கூடினால் ஏழரை மைக்ரோகிராம். அதனால்தான் ஒரு மில்லியை உப்புநீரில் பத்து மில்லியாக்கி, அதில் அரை மில்லி எடுக்கிறோம். 1999-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கொடுத்தது தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தக்குழாய் வழியாகத் தூங்கவைப்பதற்கு. முதுகுக்குள் போடுவது டாக்டர்கள் ஆராய்ச்சியையும் அனுபவத்தையும் வைத்துச் செய்வது. ஆள் பார்த்து நானும் போடுகிறேன், நடுக்கம் வரக்கூடிய, வாந்திக்குப் பயப்படுகிற, நாடி நன்றாக இருக்கிற நாற்பத்தைந்து வயதுப் பெண் என்றால் சந்தோஷமாகவே போடுவேன்.

என் ஆயாவுக்கு 74 வயது, கர்ப்பப்பை இறக்கம். கீழ்வழியாகவே எடுத்துவிடலாம் என்கிறார்கள். பிபிக்கு மெட்டோப்ரோலால், ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெல். தூங்கினால் குறட்டை இரண்டாம் கட்டு வரை கேட்கும். முதுகு ஊசி போடலாமா? எந்த மருந்து சேர்ப்பார்கள்?
— பேத்தி, நாச்சியாபுரம்

நீங்கள் எழுதிய மூன்று விஷயமும் மயக்க டாக்டருக்குத் தங்கம். இதே கடிதத்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

க்ளோபிடோக்ரெல் உள்ளே இருக்கும்போது முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தின் அருகே ரத்தம் கட்டலாம், காலே செயலிழக்கலாம். பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்த வேண்டும். ஆனால் ஆயாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறதா, எப்போது வைத்தது என்று பார்க்காமல் நீங்களாக நிறுத்தவே கூடாது. இதய டாக்டரும் மயக்க டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். மெட்டோப்ரோலால் நேர் எதிர்: அதை நிறுத்தினால்தான் ஆபத்து, ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுக்கச் சொல்வார்கள். அது ஏற்கெனவே நாடியைக் குறைத்து வைத்திருப்பதால் டெக்ஸ், க்ளோனிடின் பக்கம் நான் போக மாட்டேன். குறட்டை விடுபவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரலாம் என்பதால் மார்ஃபினும் வேண்டாம். கீழ்வழி ஆபரேஷனுக்கு மரப்பு அவ்வளவு உயரம் ஏற வேண்டியதில்லை. புபிவகெய்னைக் குறைத்து, ஃபென்டனைல் 10 அல்லது 15 மைக்ரோகிராம் சேர்த்தால் பிபியும் நிற்கும், ஆயாவும் தியேட்டரில் எனக்கு ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருப்பார். பல ஆயாக்கள் அப்படித்தான், மேஜையில் படுத்துக்கொண்டே என் பூர்வீகத்தை விசாரித்து முடித்துவிடுவார்கள்.

பத்து வருடத்துக்கு முன் முதுகில் ஊசி போட்டார்கள். அன்றிலிருந்து இடுப்பு வலி.
— வாசகி, ஆத்தங்குடி

டைல்ஸ் பட்டறையில் குனிந்து வேலை செய்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், பத்து வருடம் இருக்காது. ஊசியை மறந்துவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். குழந்தை பெற்றபின் வரும் இடுப்பு வலிக்கெல்லாம் எங்கள் ஊசிதான் காரணம் என்று தமிழ்நாடே நம்புகிறது. இனி அதை மாற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் காலத்தில் ஒரே மருந்துதான் போட்டார்கள். இப்படிக் கலந்து போடுவது இப்போது வந்த பழக்கமா?
— வாசகர், கானாடுகாத்தான்

இல்லை ஐயா, உங்களையும் என்னையும்விட வயதான பழக்கம். 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற சர்ஜன் முதுகுத்தண்டில் கோகெய்ன் செலுத்தி ஆபரேஷன் செய்தார். தன் மேலேயும் உதவியாளர் மேலேயும் அதைச் சோதித்துப் பார்த்து, இரண்டு பேரும் தலைவலியில் அவதிப்பட்டார்கள். தண்டுவட நீர் கசிவதால் வரும் அந்தத் தலைவலி இன்றும் உண்டு. 25, 27 கேஜ் என்று முடி மாதிரி மெலிந்த ஊசி வந்த பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. 1901-லேயே ருமேனியாக்காரர் ஒருவர் கோகெய்னோடு மார்ஃபின் கலந்து போட்டதைப் பாரிஸில் எடுத்துச் சொன்னார். பிறகு அதை எல்லோரும் மறந்தே போனார்கள். 1970களில் தண்டுவடத்திலேயே அபினுக்கான வாசல் இருப்பது தெரிந்ததும், 1979-ல் புற்றுநோய் வலிக்கு முதுகுக்குள் மார்ஃபின் போட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்துதான் இன்றைய பழக்கம். உங்கள் வீட்டு அம்மாவுக்கு அந்தக் காலத்தில் ஒரே மருந்து போட்டிருந்தால், அன்றைக்கு ராத்திரி அவர் பட்ட வலியையும் கேட்டுப் பாருங்கள்.

தியேட்டருக்குள் டாக்டரும் சிஸ்டரும் மருந்துப் பெயரை ஒருவருக்கொருவர் உரக்கப் படித்துச் சொன்னார்கள். எனக்கு முழு நினைவு இருந்ததால் கேட்டது. படிக்கத் தெரியாதவர்களோ என்று பயந்துவிட்டேன்.
— வாசகி, கண்டனூர்

அப்படிப் படிக்கிற டாக்டர் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். பெண்கள் ஆபரேஷனில் ரத்தப்போக்கைக் குறைக்க ட்ரானெக்ஸாமிக் ஆசிட் என்ற மருந்து எப்போதும் தட்டில் இருக்கும். அதன் ஆம்பியூல் சில கம்பெனிகளில் புபிவகெய்ன் ஆம்பியூல் மாதிரியே இருக்கும். ரத்தக்குழாயில் போனால் உயிர் காக்கும், முதுகுக்குள் போனால் வலிப்பு வந்து உயிரையே எடுக்கலாம். உலகம் முழுக்க இப்படி நடந்து, 2022-ல் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது. சொட்டு மருந்து சேர்க்கிறோம் என்றால் உடைக்கும் ஆம்பியூல் ஒன்று கூடுகிறது, குழப்பத்துக்கான இடமும் ஒன்று கூடுகிறது. போதாததற்கு, கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இல்லாத ஆம்பியூலாகவும் பார்த்து எடுக்க வேண்டும். அந்தப் பொருள் நரம்புக்கு ஆகாது. என் தியேட்டரில் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் முதுகு ஊசித் தட்டுக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது, வேறு அலமாரி. இதில் எனக்குக் கோபக்காரி என்ற பெயர் உண்டு.

காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். முதுகில்தானே ஊசி, காப்பி குடித்தால் என்ன?
— வாசகி, காரைக்குடி

பால் காப்பி என்றால் ஆறு மணி நேரம் முன்னால். வரக்காப்பி என்றால் இரண்டு மணி நேரம் முன்பு வரை சரி. முதுகு ஊசி சில சமயம் சரியாகப் பிடிக்காமல் முழு மயக்கம் கொடுக்க வேண்டி வரும், அப்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும். முந்தின ராத்திரி கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு நேராக வருகிறவர்களும் உண்டு. நெய்யும் கறியும் இறங்க எட்டு மணி நேரம். பாவம் ஆச்சி பசியாக இருப்பாள் என்று தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவரும் உறவுகளை வாசலிலேயே நிறுத்துங்கள்.

கார்த்திகையில் கர்ப்பப்பை எடுத்தார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்க வேண்டுதல். முதுகு ஊசி போட்ட உடம்பு தாங்குமா?
— வாசகி, கொத்தமங்கலம்

முதுகு ஊசி அன்றைக்கு ராத்திரியே உடம்பை விட்டுப் போய்விட்டது, அதன் பேரில் தடை எதுவும் இல்லை. உள்ளே போட்ட தையல்தான் கணக்கு. வயிற்றைத் திறந்து செய்திருந்தால் ஆறு வாரம் வரை கனம் தூக்க வேண்டாம் என்பது வழக்கம். உங்கள் சர்ஜனிடம் காட்டி, ஹீமோகுளோபினும் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே உங்களுக்கு 8 கிராம்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏறாமல் இருந்தால் இந்த வருடம் வண்டியில் போய்விட்டு, நடையை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.